பொட்டு வைத்த டிஸ்க்

காளிதாஸ் இன்னும் கண் திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மண்டை பிளந்து விழுந்தவன், இந்த வெள்ளிக்கிழமையும் குளுவாங் ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவே கிடக்கிறான். ஆயர் ஈத்தாமில் ஜாடிக் கடைகளை ஒட்டியிருக்கும் அவனுடைய லாரிப் பட்டறையின் முற்றத்தில், ரத்தத்தின் மேல் கொட்டிய மரத்தூள் இன்னும் அள்ளப்படவில்லை.

அடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். அக்காள் யோகேஸ்வரியின் புருஷன் ரூபேந்திரன்தான். அவனே ஒப்புக்கொண்டும் விட்டான். "மச்சான் பாராங்க தூக்கிக்கிட்டு வெட்ட வந்தான். உயிருக்குப் பயந்து வீல் ஸ்பேனரால ஒரு போடு போட்டேன்" என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே ஜாமீனில் வெளியே வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டவன் அவன்.

கடைக்குட்டி லோஷினி அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. காளிதாஸா பாராங் கத்தி தூக்குகிறவன்? தீபாவளிக்குக் கோழி அறுக்கச் சொன்னாலே வண்டி சாவியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடிவிடுகிற அண்ணன்!

ஆனால் இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், கேமரா படம் இருந்தால் கொண்டு வாருங்கள், கேமராவுக்கு உறவு கிடையாது என்றார். நியாயமான பேச்சுதான். காளிதாஸ் கண் திறந்தால் பாராங் கேஸ் அவனுக்காகக் காத்திருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

கேமராக்கள் எட்டு இருந்தன. அவை பிடித்த படமெல்லாம் பட்டறை ஆபீசில் இருக்கும் சர்வருக்குத்தான் போகும். அன்றைக்கு ரூபேந்திரன் முதல் வேலையாக ஆபீசுக்குள் புகுந்து, சர்வரின் முன்பக்கத்திலிருந்து டிஸ்க்குகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். அவற்றை எங்கே போட்டான் என்பது இன்று காலை வரைக்கும் தெரியாது.

இன்று காலை பட்டறை மெக்கானிக் அர்ச்சுனன் போன் செய்தார்.

"லோஷினிமா, பழைய டயர் அடுக்கி வெச்சிருக்கோம்ல? அதுக்குள்ள ரெண்டு டிஸ்க் கெடக்குது. பொட்டு வெச்சிருக்கு. நம்மளோடதுதான்."

லோஷினி கூலாயில் ஒரு டேட்டா சென்டரில் சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த அக்காளையும் காரில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் பறந்தாள்.

வழியெல்லாம் யோகேஸ்வரி ஒரே பாட்டுதான் பாடினாள். "வேணாம்டி லோஷி. போனது போகட்டும் லா. தம்பி பொழைச்சு வந்தா அதுவே போதும்."

"அந்த ஆளு உன்னை இத்தனை வருஷமா அடிச்சாரு, பொறுத்துக்கிட்ட. இப்ப தம்பியையும் அடிச்சிட்டாரு, அதையும் பொறுத்துக்கணுமா க்கா?"

யோகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய இடது கன்னத்து வீக்கம் மஞ்சளாகி வற்றிக்கொண்டிருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்பாள். பதினைந்து வருடமாக ஒரே குளியலறையில் வழுக்கி விழுகிற பெண் ஜொகூரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆபீசுக்குள் சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் லோஷினிக்கு மூச்சு வந்தது.

ஏனென்றால் அந்தப் பெட்டி அணைந்தால் தீர்ந்தது கதை. இரண்டு வருடம் முன்பு பட்டறையில் திருட்டுப் போனபோது, எல்லாவற்றையும் பூட்டி வைக்கும்படி அமைத்துக் கொடுத்தவள் லோஷினிதான். அணைத்துப் போட்டால் முதலில் கடவுச்சொல் கேட்கும். அதை வைத்தவன் காளிதாஸ். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிரித்தான். டிஸ்க்குகளைத் திறக்கும் சாவியும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆக, சர்வர் ஓடுகிற வரைக்கும்தான் எதுவும் நடக்கும்.

"க்கா, எந்த சுவிட்சையும் தொட்டுடாத. அண்ணே, நீங்க கேட்டைப் பூட்டிட்டு வாசல்லயே நில்லுங்க."

அர்ச்சுனன் வெளியே போனார். யோகேஸ்வரி இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்சுவரில் சாமி படத்துக்குக் கீழே போய் நின்றாள். மெயின் சுவிட்ச் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

லோஷினி வேலையைத் தொடங்கினாள்.

முதலில் கேமரா புரோகிராமை நிறுத்தினாள். அது ஒரு வாரமாகப் பசியோடு காத்திருக்கிறது. டிஸ்க் கண்ணில் பட்டதும் எழுத ஆரம்பித்துவிடும், இடம் போதாவிட்டால் பழைய படத்தை அழித்துவிட்டு எழுதும். திரையில் எட்டுச் சின்னக் கட்டங்களும் ஒவ்வொன்றாகக் கறுத்துப் போயின.

அடுத்தது, பிடுங்கப்பட்ட டிஸ்க் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த சர்வரின் நினைவிலிருந்து அந்தப் பழைய பதிவை மெல்ல நீக்கினாள். பிறகு இரண்டு டிஸ்க்குகளையும் தூசி துடைத்து, காலியாக இருந்த இரண்டு பொந்துகளிலும் செருகினாள். இரண்டிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன, ஒன்றில் பெரிதாக, மற்றதில் சின்னதாக. சாவி போட்டதும் இரண்டும் திறந்துகொண்டன.

இப்போது ஸ்கேன். ஒவ்வொரு டிஸ்க்கின் தலையிலும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். வால்யூம் குரூப் என்பார்கள். ஸ்கேன் செய்வதென்றால் வாசல் வாசலாகப் போய், நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டு வருவது. கேட்பதில் ஆபத்தில்லை. கேட்ட கையோடு உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதில்தான் ஆபத்து. அவசரப்படுகிறவர்கள் இரண்டையும் ஒரே கட்டளையில் செய்வார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. லோஷினி பார்க்க மட்டும் சொன்னாள், எதையும் எழுதாதே, எதையும் இயக்காதே என்று.

திரையில் எச்சரிக்கை வந்தது. இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பெயர், ஒரே அடையாள எண்.

"அலமாக்! ஒரே புள்ளை ரெண்டு எடத்துல எப்படி இருக்கும்?" என்றாள். பதிலும் உடனே தோன்றிவிட்டது. ஒன்று அசல். மற்றது, இந்த வருட ஆரம்பத்தில் அவளே எடுத்து வைத்த நகல். "க்கா, நகலை அலமாரியிலதானே பூட்டி வெச்சேன். இது எப்படி சர்வருக்குள்ள வந்துச்சு?"

யோகேஸ்வரி சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆயுத பூசைக்குத் தம்பிதான் எடுத்தான். ஸ்பேனர், ஜாக்கி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம்ல. அலமாரியில தூங்குறதும் ஆயுதந்தானே க்கான்னு சொல்லி, அதுக்கும் பொட்டு வெக்கச் சொல்லி உள்ள செருகிட்டான். பூசையில வெச்சதை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதுல்ல... அப்படியே மறந்துட்டான் போல."

லோஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடுகிற சர்வருக்குள் நகல் டிஸ்க்கைச் செருகினால் என்ன ஆகும் என்று அவனுக்கு எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள்! சாமி காரியம் என்றதும் அத்தனையும் காற்றில் போய்விட்டது.

"சரி, எது அசல்னு உனக்குத் தெரியுமா?"

"பெரிய பொட்டு வெச்சது. ஓடுறதுக்குப் பெருசா வெச்சேன்" என்றாள் யோகேஸ்வரி, கண்ணைப் பார்க்காமல்.

அந்த நேரத்தில் வெளியே ஹார்ன் அலறியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்த ஹார்னை இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கேட்டைத் திற!"

"மாமா, போய்டுங்க. போலீசுல இங்க வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்ற அர்ச்சுனனின் குரல் கேட்டது.

அடுத்தபடி கேட்டது இரும்பு சரிகிற சத்தம். காரை அப்படியே கேட்டின் மேல் விட்டிருந்தான் ரூபேந்திரன். லோஷினி ஜன்னல் கம்பி வழியே பார்த்தாள். அர்ச்சுனன் கேட்டுக்கு அடியில் ஒரு காலைக் கொடுத்துவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தார். ரூபேந்திரன் பாராங்கோடு இறங்கினான். இறங்கியவன் கீழே கிடக்கிற மனிதரின் விலாவில் ஒரு உதை விட்டுவிட்டு நடந்தான். அர்ச்சுனனின் அலறல் பக்கத்து ஜாடிக் கடைவரை போயிருக்கும். ஆனால் அங்கே ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்று, அது வேறு இரைந்துகொண்டிருந்தது.

லோஷினி போலீசுக்குப் போன் செய்தாள். வண்டி கிளம்புகிறது என்றார்கள். போனை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, ஜன்னலை ஒட்டியிருந்த மேசையில் திரும்ப விசைப்பலகைக்கு வந்தாள். பயம்தான். பயமில்லை என்று சொன்னால் பொய்.

சின்னப் பொட்டு டிஸ்க்கை ஸ்கேனின் கண்ணில் படாமல் மறைத்தாள். பெரிய பொட்டை மட்டும், எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்தாள். கடைசிப் படத்தை ஓட விட்டாள்.

படத்தில் பக்கத்து ஜாடிக் கடை வாசல் முழுக்கச் சிவப்பு விளக்குகள் தொங்கின. சீனப் பெருநாள். இது நகல்! இதில் போன வெள்ளிக்கிழமை இருக்க வழியே இல்லை.

"க்கா, நீ மாத்திச் சொல்லிட்ட."

"மறந்திருப்பேன்..."

யோகேஸ்வரி சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்து லோஷினியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. அவள் தலை கம்பியில் மோதியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. புருவத்தில் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஆம்பளைங்க விவகாரத்துல உனக்கு என்னடி வேலை? கம்ப்யூட்டர் படிச்சா பெரிய ஆளா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டி. உன் அக்காகாரிக்குத் தெரியும், கேளு!"

லோஷினி கை துழாவி, சட்டத்தில் மிச்சமிருந்த கண்ணாடித் துண்டோடு ஜன்னல் கதவை இழுத்து அந்தக் கையின் மேல் அறைந்தாள். எலும்பு நெரிபடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. விடவில்லை. மறுபடியும் அறைந்தாள். அவன் மாடு மாதிரி கத்திக்கொண்டு கையை உருவினான். உருவுகிறபோது அவளுடைய போனையும் தட்டிக்கொண்டு போனான். வெளியே அது அவன் காலடியில் நசுங்கியது.

இரண்டு கொத்து முடி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் நகர்ந்து, முழங்கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, நகலை மூடினாள். அடுத்தது சின்னப் பொட்டு.

பொட்டென்று மின்சாரம் போனது.

விளக்கும் விசிறியும் நின்றன. சர்வருக்கு அடியில் இருந்த யூபிஎஸ் பேட்டரி மட்டும் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. அது பழைய பேட்டரி. அதிகம் தாங்காது.

"வெளியில ஒயரை வெட்டிட்டாரு க்கா!"

சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். ரூபேந்திரன் எதிரேதான் நின்றான். ஒரு கையில் பாராங். நசுங்கின கையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். ஒயரை வெட்ட மூன்றாவது கை வேண்டும். ஆனால் அதை யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. இரும்புக் கதவில் பாராங் விழ ஆரம்பித்திருந்தது.

இந்தத் தடவை பெரிய பொட்டை மறைத்தாள். ஸ்கேன் செய்தாள். ஒரே பெயர், ஒரே டிஸ்க், எச்சரிக்கை ஏதுமில்லை. படிக்க மட்டும் திறந்தாள். போன வெள்ளிக்கிழமை இருந்தது! தன்னுடைய கையடக்க டிஸ்க்கைச் செருகி அந்த நாளின் படம் முழுவதையும் நகலெடுக்க விட்டாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முற்றத்துக் கேமராவின் படத்தையும் ஓட விட்டாள்.

ரூபேந்திரன் யோகேஸ்வரியின் தலைமயிரைப் பிடித்து, லாரிக் கதவில் அவள் முகத்தை மோதுகிறான். மறுபடியும் மோதுகிறான். காளிதாஸ் ஓடி வருகிறான். அவன் கையில் பாராங் இல்லை, ஒன்றுமே இல்லை. மச்சானைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுக்கிறான்.

"பார்த்தியா க்கா! அண்ணன் வெறுங்கையோட..."

படம் ஓடியது. யோகேஸ்வரி தரையிலிருந்து எழுகிறாள். முகமெல்லாம் ரத்தம். வீல் ஸ்பேனர் அவள் கையில் இருக்கிறது. இரண்டு கையாலும் அதைத் தூக்குகிறாள். கண்ணை மூடிக்கொண்டு புருஷனைப் பார்த்து வீசுகிறாள். ரூபேந்திரன் உடம்பை முறுக்கிக் குனிகிறான். பின்னால் கட்டிப் பிடித்திருந்த காளிதாஸின் தலைதான் அங்கே இருக்கிறது.

காளிதாஸ் விழுந்தான். ரூபேந்திரன் எழுந்து நிதானமாகச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

லோஷினிக்குக் காது அடைத்துவிட்டது. கதவில் விழுகிற பாராங் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அதையும் மீறி ஒரு குரல் வந்தது.

"யோகேஸ்! அணைச்சியா இல்லையா?"

அவள் திரும்பினாள். மெயின் சுவிட்ச் கீழே இறக்கப்பட்டிருந்தது. அக்காள் யூபிஎஸ் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் விரல் அதன் பொத்தான் மேல் இருந்தது.

"டிஸ்க் கெடைச்சிருச்சுன்னு அவருக்குச் சொன்னது நான்தான்டி. 'நான் அடிச்சதா போலீசுல நானே சொல்லிக்கிறேன், நீ வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துடு'ன்னு அன்னிக்கே சொன்னாரு" என்றாள் யோகேஸ்வரி. அழக்கூட இல்லை. "வரலைன்னா தம்பியை அடிச்ச பாவின்னு என்னை ஜெயில்ல தள்ளிடுவாராம். தீபாவளிக்கு அவரு வீட்டு வாசல்ல நான் கோலம் போடணுமாம்."

"அதுக்காக அண்ணன் மேல பாராங் கேஸா க்கா?"

"அவன் கண்ணைத் தொறக்கட்டும் மொதல்ல! அவன் தொறந்து, என்னைப் பார்த்து, ஏன்க்கான்னு கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

பீப் சத்தம் வேகமானது. நகலெடுப்பு பாதியைத்தான் தாண்டியிருந்தது. எட்டிப் பிடித்து அக்காளின் கையைத் தட்டிவிடலாம். ஆனால் அந்த விரல் அதற்குள் அழுத்திவிடும்.

லோஷினி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ரத்தம் தாடையிலிருந்து விசைப்பலகையில் சொட்டியது.

"நீ வீசுனது மட்டும் இதுல இல்ல க்கா. உன் மூஞ்சியை அந்த ஆளு லாரியில மோதுனதும் இதுலதான் இருக்கு. பதினஞ்சு வருஷமா பாத்ரூமுல விழுந்தேன்னு சொல்றியே, அதுல ஒரு தடவையாவது கேமரா பார்த்திருக்கு. நீ அழுத்துனா அதுவும் போயிடும்."

யோகேஸ்வரி திரையைப் பார்த்தாள். தன் முகம் கதவில் மோதுவதை அவள் அதுவரைக்கும் வெளியிலிருந்து பார்த்ததில்லை. லோஷினி அந்த இடத்துக்கே படத்தைத் திருப்பி ஓட விட்டிருந்தாள்.

விரல் பொத்தானிலிருந்து எழுந்தது.

யோகேஸ்வரி எழுந்து போய் மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். விசிறி சுழன்றது. பேட்டரியின் கத்தல் அடங்கியது. பிறகு சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களில் பெரியதாக ஒன்றை எடுத்தாள். அதிலும் ஆயுத பூசைக் குங்குமம் இருந்தது.

"நீ எடுத்து முடிடி. அது வரைக்கும் அவரு உள்ள வர மாட்டாரு."

"க்கா! போலீஸ் வந்துக்கிட்டிருக்கு! க்கா, வேணாம்!"

லோஷினி பாய்ந்து கதவுக்கு வருவதற்குள் அக்காள் வெளியே போய்விட்டாள். அவளைப் பார்த்ததும் ரூபேந்திரன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். அந்த ஒரு எட்டு அவளுக்குப் போதுமாக இருந்தது. இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியைத் தூக்கி டயர் குவியலுக்குள் எறிந்தாள்.

லோஷினி ஜன்னலுக்கு ஓடினாள். பழக்க தோஷத்தில் கண் ஒரு கணம் கேமரா திரைக்குப் போனது. எட்டுக் கட்டங்களும் கறுப்பாக இருந்தன. அவளேதான் நிறுத்தினாள். இப்போது அந்த புரோகிராமை ஓட விட்டால், அது சின்னப் பொட்டைத் தேடிப் போய் எழுதப் பார்க்கும். போன வெள்ளிக்கிழமை முழுதாக வந்து சேர இன்னும் கால்வாசி பாக்கி இருந்தது.

வெளியே, கேட்டுக்கு அடியில் அர்ச்சுனன் மயங்கிக் கிடந்தார். ரூபேந்திரன் சிரித்தான். "என்னடி, மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டு வீசப் போறியா?" என்று பாராங்கை ஓங்கினான்.

"இல்ல" என்றாள் யோகேஸ்வரி. "இந்தத் தடவை தொறந்துக்கிட்டுத்தான்."

முற்றத்தில் யாருடைய கை முதலில் இறங்கியது என்று நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்பார். அதைப் பார்த்த கண்கள் லோஷினியுடையவை மட்டும்தான்.